கியூபெக்கில் ஒரு மரம், என் வார்டில் ஒரு ஆயாம்மா

நீளமான இழை. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

போன மாதக் கடைசியில் கனடாவின் மாண்ட்ரியாலில் ஒரு மருத்துவ மாநாடு. அது முடிந்ததும் கையில் மூன்று நாள் மிச்சம் இருந்தது. மனைவிக்கு நயாகரா பார்க்க ஆசை. மேப்பில் பார்த்தால் அது எதிர்த்திசையில், ரொம்ப தூரம். கியூபெக் சிட்டி ரயிலில் மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அதனால் கியூபெக். இவ்வளவுதான் நாங்கள் போட்ட திட்டம். அந்த ஊரைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று: அங்கே பிரெஞ்சு பேசுவார்கள்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே ஏற்றம் ஆரம்பிக்கிறது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் கரையில் ஒரு பெரிய பாறை. பாறைக்கு மேலே ஒரு ஊர், கீழே ஒரு ஊர். மேல் ஊரைச் சுற்றி சுமார் 4.6 கிலோமீட்டருக்குக் கோட்டைச் சுவர். மெக்சிகோவுக்கு வடக்கே இப்படி மதில் இன்னும் நிற்கிற ஒரே நகரம் இதுதான். 1985-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மேலிருந்து கீழே இறங்க ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதன் பிரெஞ்சுப் பெயருக்கு அர்த்தம் 'கழுத்தை உடைக்கும் படிக்கட்டு'. என் மனைவி பெயரின் அர்த்தத்தைக் கேட்டவுடனே பக்கத்தில் இருந்த விஞ்ச் பெட்டியில் ஏறிவிட்டார். பழனி விஞ்ச் மாதிரிதான், தூரம் கம்மி. 1879-லிருந்து ஓடுகிறதாம்.

கீழே இறங்கினால் பிளாஸ் ரோயால் என்ற சின்ன சதுக்கம். கல் பாவிய தரை, நடுவில் பதினான்காம் லூயி மன்னரின் மார்பளவுச் சிலை, ஒரு பக்கம் 1688-ல் கட்ட ஆரம்பித்த சின்ன தேவாலயம். எல்லாரும் செல்ஃபி எடுக்கிற இடம். நாங்களும் எடுத்தோம்.

இந்த இடத்தில்தான் 1608-ல் சாம்யுவேல் டு ஷாம்ப்ளான் மரத்தால் ஒரு குடியிருப்பைக் கட்டினார். கியூபெக் நகரம் பிறந்தது அப்படித்தான். தரையில் வேறு நிறக் கற்கள் பதித்து அந்தப் பழைய கட்டடம் இருந்த இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். அந்த முதல் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே தங்கியவர்கள் 28 பேர். வசந்த காலம் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 8 பேர்.

இருபது பேரைக் கொன்றது யாரும் தொடுத்த போர் இல்லை. வயிற்றுப்போக்கும் ஸ்கர்வியும்.

ஸ்கர்வி. ஐந்தாம் வகுப்பில் எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். வைட்டமின் சி குறைந்தால் ஸ்கர்வி, டி குறைந்தால் ரிக்கெட்ஸ். ஒரு மார்க் கேள்வி. நான் எம்.பி.பி.எஸ்.ஸிலும் எம்.டி.யிலும் அதற்கு மேல் ஒன்றும் படித்ததாக ஞாபகம் இல்லை. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம், அதில் பழைய மாலுமிகள் கதை. "இப்பல்லாம் யாருக்கு வருது" என்று புரட்டிவிட்டுப் போகிற பக்கம்.

அந்தக் கற்களுக்கு மேலே நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது மாலுமிகள் இல்லை. ஒரு ரிட்டயர்ட் தமிழ் வாத்தியார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் முழுசாக யாரிடமும் சொல்லாத விஷயம் அது. இங்கே சொல்கிறேன்.

அப்போது டெல்டா பக்கம் ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவராக இருந்தேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பதெல்லாம் வேண்டாம். வாத்தியாருக்கு எழுபது வயது இருக்கும். மனைவி தவறிவிட்டார், மகன் வெளிநாட்டில், தனியாக இருந்தார். வலது முழங்கால் வீங்கியிருந்தது. இரண்டு கால்களிலும் திட்டுத் திட்டாக ஊதா நிறத்தில் ரத்தக்கட்டு. ஈறு பஞ்சு மாதிரி உப்பி, தொட்டாலே ரத்தம். எழுந்து உட்காரவே தெம்பில்லை.

இப்படி ஒருவர் வந்தால் டாக்டர் மூளை எங்கே போகும்? ரத்தப் புற்றுநோய். பிளேட்லெட் எண்ணிக்கை பார்த்தோம், நார்மல். ரத்தம் உறையும் நேரம் பார்த்தோம், நார்மல். ஈறு வீக்கத்தைப் பார்த்துவிட்டு எதற்கும் இருக்கட்டும் என்று இடுப்பெலும்பில் ஊசி குத்தி எலும்பு மஜ்ஜையும் எடுத்து அனுப்பினோம். அது எவ்வளவு வலிக்கும் என்று எடுத்துக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அதுவும் நார்மல். நாலு நாள் ஓடிவிட்டது. பில் ஏறிக்கொண்டே போனது. மகன் தினமும் ராத்திரி போனில் அழுதார்.

அஞ்சாம் நாள் காலையில் ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வந்தபோது, வார்டு கூட்டுகிற ஆயாம்மா கையில் துடைப்பத்தோடு ஓரமாக நின்றார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லுங்கம்மா."

"அந்த வாத்தியாரய்யாவுக்குப் பக்கத்துப் பெட்டுக்காரங்க நேத்து சாத்துக்குடி உரிச்சுக் குடுத்தாங்க. தொடமாட்டேன்னுட்டாரு. ஏன்யான்னு கேட்டா, பெரிய டாக்டரு பழமே கூடாதுன்னு சொல்லிருக்காருங்கறாரு. எட்டு மாசமா பால் சோறும், ராத்திரிக்கி இட்லிக்கு சீனியும்தானாம். பச்சப் புள்ளைக்கே ஆறு மாசத்துக்கு மேல வெறும் பாலு பத்தாதுன்னு நீங்கதான சார் சொல்லுவீங்க."

அந்தப் 'பெரிய டாக்டர்' நான்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் வயிற்றுப் புண்ணுக்காக என்னிடம் வந்திருந்தார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "புளிப்பு, காரம், பழச்சாறு எல்லாம் நிறுத்திடுங்க சார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று சொன்னேனா என்று எனக்கு ஞாபகமில்லை. ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தேன், அவர் வரவில்லை. வலி போய்விட்டது, அப்புறம் எதற்கு வரணும்? ஆனால் வாத்தியார் இல்லையா, சொன்னதை அப்படியே கடைப்பிடித்தார். தயிர் புளிக்கும் என்று தயிர்கூட இல்லை. காய்கறி சமைத்துப் போட ஆள் இல்லை.

ஒரு கேள்வி. "என்ன சாப்பிடறீங்க?" நாலு நாளாக நானும் கேட்கவில்லை, எனக்குக் கீழே வேலை பார்த்த இரண்டு இளம் டாக்டர்களும் கேட்கவில்லை. உடனே ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டி, லென்ஸ் வைத்து அவர் கால் முடிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஸ்க்ரூ மாதிரி சுருண்டு, அடியில் சின்னச் சிவப்புப் புள்ளி. புத்தகத்தில் போட்டிருந்த படமேதான்.

வைட்டமின் சி ஆரம்பித்து இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் ஈறு அடங்கியது. ரெண்டு வாரத்தில் நடந்தே வீட்டுக்குப் போனார். மாத்திரைக்கு ஆன செலவு நூறு ரூபாய்கூட இருக்காது.

இதோடு முடிந்திருந்தால் எல்லா டாக்டருக்கும் இருக்கிற ஒரு கதை, அவ்வளவுதான். அடுத்த மாதம் உள்ளூர் மருத்துவர்கள் கூட்டத்தில் இந்தக் கேஸை நான் பேசினேன். மறந்துபோன நோய், கூர்மையான கண்டுபிடிப்பு என்கிற தோரணையில். ஸ்லைடில் நான் போட்டது இது: விரிவாக விசாரித்ததில் உணவுக் குறைபாடு தெரியவந்தது. யார் விசாரித்தது? ஸ்லைடில் இல்லை. அதற்கு அடுத்த வரி இன்னும் மோசம்: நோயாளி தானாகவே மேற்கொண்ட பத்தியம். தானாகவே! நல்ல கைதட்டல் கிடைத்தது. சீனியர் ஒருவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

சரி, கியூபெக்குக்குத் திரும்பலாம்.

இரண்டாம் நாள் அகஸ்டீனியக் கன்னியாஸ்திரிகளின் மடத்துக்குப் போனோம். மேல் ஊரில், மதிலுக்குள்ளேயே இருக்கிறது. டாக்டரோ நர்ஸோ கியூபெக் போனால் கோட்டையைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்க்காமல் வராதீர்கள்.

1639-ல் பிரான்சின் தியேப் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி மூன்று கன்னியாஸ்திரிகள் இங்கே வந்தார்கள். மூவருக்குமே முப்பது தாண்டவில்லை. அவர்கள் தொடங்கியது ஓட்டெல்-தியூ என்ற மருத்துவமனை. மெக்சிகோவுக்கு வடக்கே இந்தக் கண்டத்தின் முதல் மருத்துவமனை அதுதான். வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே பூர்வகுடி மக்களிடையே பெரியம்மை. கட்டில் இல்லை, துணி இல்லை, வந்தவர்களுக்கு அந்த மக்களின் மொழி தெரியாது. அங்கே ஆரம்பித்து, பின்னாளில் கியூபெக் மாகாணத்தில் மொத்தம் 12 மருத்துவமனைகளை இந்தச் சபை நிறுவியது. மடத்தின் பழைய பகுதியை 2015-லிருந்து அருங்காட்சியகமாகவும் தங்கும் விடுதியாகவும் நடத்துகிறார்கள். பக்கத்திலேயே ஓட்டெல்-தியூ மருத்துவமனைக் கட்டடங்கள். 

உள்ளே மருந்து ஜாடிகள், தராசு, உரல், ரத்தம் வடிக்கிற கத்தி, பல் பிடுங்குகிற குறடு. ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் பத்து நிமிஷம் நின்றேன். "மியூசியத்துக்கு வந்தும் ஓ.பி. பார்க்கறீங்களா?" என்றார் மனைவி. அவருக்குப் பிடித்தது கைத்தையல் வேலைகளும் காகிதப் பூக்களும்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் மருந்து இடிக்கிறதும், அளக்கிறதும், நோயாளி பக்கத்தில் ராத்திரி உட்கார்ந்திருப்பதும் இந்தச் சகோதரிகள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஆனாலும் இந்த மடம் ஒரு காரியம் உருப்படியாகச் செய்திருக்கிறது. எழுதி வைத்திருக்கிறார்கள். வந்த சகோதரிகளின் பெயர், நடந்த கதை, தீ விபத்து, தொற்றுநோய், எல்லாம். முதலில் வந்த மூவரின் பெயரும் இன்று நமக்குத் தெரியும்: மரி கெனே, ஆன் லெ குவாந்த்ர், மரி ஃபொரெஸ்தியே.

அங்கிருந்து ஏபிரகாம் சமவெளி நடக்கிற தூரம்தான். இப்போது பெரிய புல்வெளிப் பூங்கா, ஜாகிங் போகிறார்கள், நாயைக் கூட்டி வருகிறார்கள். 1759 செப்டம்பர் 13 காலை இங்கே நடந்த சண்டைதான் கனடா பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து பிரிட்டிஷார் கைக்குப் போகக் காரணம். முக்கியமான சண்டை அரை மணி நேரம்கூட இல்லை. பிரிட்டிஷ் தளபதி வுல்ஃப் களத்திலேயே செத்தார், பிரெஞ்சுத் தளபதி மொங்காம் மறுநாள் விடிகாலையில். காயம்பட்டவர்களை, இரண்டு பக்கத்து ஆட்களையும், கோட்டைக்கு வெளியே இருந்த பொது மருத்துவமனையில் இதே அகஸ்டீனியச் சகோதரிகள்தான் பார்த்தார்கள். மொங்காமின் எலும்புகளை 2001-ல் அந்த மருத்துவமனையின் கல்லறைத் தோட்டத்துக்கே கொண்டுவந்து, சாதாரண சிப்பாய்களோடு வைத்திருக்கிறார்கள்.

ஜெயித்த பிரிட்டிஷ் படைக்கு அந்தக் குளிர்காலம் எப்படிப் போனது தெரியுமா? வசந்த காலத்துக்குள் ஆயிரம் பேர் அளவுக்குச் செத்தார்கள். அதில் பெரும் பங்கு, திரும்பவும், ஸ்கர்வி. போரில் செத்ததைவிட அதிகம்.

கவனிங்க. ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட ஜோடிதான் தேறுகிறது என்று காட்டியது 1747-ல். புத்தகமாகப் போட்டது 1753-ல். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை அதிகாரபூர்வமாகக் கொடுக்க ஆரம்பித்தது 1795-ல். புத்தகம் வந்து 42 வருஷம்.

இன்னொரு கூத்து. லிண்ட் அந்தப் புத்தகத்திலேயே, இதே கியூபெக்கில் 1536-லேயே ஸ்கர்வியைக் குணமாக்கிய கதையைச் சொல்கிறார். நான் மூன்றாம் நாள் தேடிப் போனது அந்த இடத்தைத்தான்.

பெயர் கார்ட்டியே-ப்ரெபோஃப் பூங்கா. சுற்றுலாப் பேருந்து நிற்கிற இடம் இல்லை. பழைய நகரத்திலிருந்து செயின்ட் சார்ல்ஸ் என்ற சின்ன ஆற்றின் கரையோடு சில கிலோமீட்டர் போகணும். மனைவி கால் வலிக்கிறது என்று ஷாட்டோ ஃப்ரொண்டெனாக் ஹோட்டல் முன்னால் இருக்கிற நீண்ட மர நடைபாதையில், ஆறு பார்த்த பெஞ்சாகப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் போனேன்.

புல்வெளி, மேப்பிள் மரங்கள் அப்போதுதான் சிவக்க ஆரம்பித்திருந்தன, ஒரு நினைவுத் தூண், விளக்கப் பலகைகள். இரண்டு பாட்டிகள் நடைப்பயிற்சி போனார்கள். அவ்வளவுதான். ஷாம்ப்ளானுக்கு 73 வருஷம் முன்னால், 1535-ல், ழாக் கார்ட்டியே என்ற பிரெஞ்சு மாலுமி இங்கேதான் கப்பல்களைக் கட்டிப்போட்டுக் குளிர்காலத்தைக் கழித்தார். நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரைக்கும் கப்பல் பனியில் உறைந்து கிடந்தது. ஆட்கள் 110 பேர். பக்கத்தில் ஸ்டாடகோனா என்ற பூர்வகுடிக் கிராமம். இரோகுவா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மக்கள். தலைவர் பெயர் டொனகோனா.

கார்ட்டியேயின் பயணக் குறிப்பை ஊருக்கு வந்ததும் மொழிபெயர்ப்பில் தேடிப் படித்தேன். ஒரு ஜூனியர் டாக்டர் எழுதின கேஸ் ஷீட் மாதிரி இருக்கிறது. கால் வீங்குகிறது, கறுக்கிறது, தோலில் ரத்தப் புள்ளிகள், ஈறு அழுகிப் பல்லின் வேர் வரைக்கும் தெரிகிறது. பிப்ரவரி நடுவில் 110 பேரில் நல்லபடியாக இருந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. என்ன நோய் என்றே தெரியாமல், செத்துப்போன 22 வயதுப் பையன் ஒருவனின் உடலைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். இதயம் வெளுத்து, சுற்றிலும் நீர். படிக்கும்போது எனக்கு வாத்தியாரின் எலும்பு மஜ்ஜை ஊசி ஞாபகம் வந்தது. எங்கெங்கோ திறந்து பார்த்திருக்கிறோம், அவங்களும் நானும்.

கிராமத்து ஆட்களுக்குத் தெரிந்தால் பலவீனமாக இருக்கிற நேரம் பார்த்துத் தாக்குவார்களோ என்று கார்ட்டியேவுக்குப் பயம். அதனால் கப்பலுக்குள்ளே எல்லாரும் மும்முரமாக வேலை செய்வது போல கட்டையால் தட்டிச் சத்தம் போடச் சொல்லியிருக்கிறார்!

அப்போதுதான் டோமகாயா வருகிறார். டொனகோனாவின் மகன். பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் இவரே முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் இருந்ததைக் கார்ட்டியே பார்த்திருக்கிறார். இப்போது ஜம்மென்று நடந்து வருகிறார். எப்படிக் குணமாச்சு என்று கார்ட்டியே கேட்கிறார். அதுவும் நேராக இல்லை: என் வேலைக்காரன் ஒருவனுக்கு உடம்பு சரியில்லை, அவனுக்காகத்தான், என்று.

டோமகாயா இரண்டு பெண்களை அனுப்பி ஒன்பது பத்துக் கிளைகளை எடுத்துவரச் செய்தார். பட்டையையும் இலையையும் உரித்துக் கொதிக்கவைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கணும், சக்கையை வீங்கின காலில் வைத்துக் கட்டணும் என்று அந்தப் பெண்கள் செய்து காட்டினார்கள். மரத்தின் பெயர் அன்னெடா. முதலில் யாரும் குடிக்கத் துணியவில்லை. ஒன்றிரண்டு பேர் குடித்துத் தேறினதும் அடிதடி. ஒரு வாரத்தில் ஒரு பெரிய மரத்தையே மொட்டையடித்துவிட்டார்கள். 25 பேர் ஏற்கெனவே செத்திருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அந்த மரம் வெள்ளை சீடர் என்று பலர் சொல்கிறார்கள், பால்சம் ஃபர் என்று சிலர். எதுவானாலும் ஊசியிலையில் வைட்டமின் சி உண்டு. நம் உடம்பால் அதைத் தயாரிக்க முடியாது. ஆட்டால் முடியும், நம்மால் முடியாது. அது இல்லாவிட்டால் கொலாஜன் சரியாக உருவாகாது. செங்கல் எல்லாம் இருக்கிறது, சிமெண்ட் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக்குழாய்ச் சுவர், ஈறு, பழைய தழும்பு எல்லாம் பிரியும். இதைத் தடுக்க ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் போதும். ஒரு நல்ல கொய்யாவில் நூறுக்கும் மேலேயே இருக்கிறது.

கமெண்ட்டில் வரப்போகும் கேள்விக்கு இப்பவே பதில். "டாக்டரே மூலிகையை ஒத்துக்கிட்டார்" என்று ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீங்க. அன்னெடா வேலை செய்ததற்குக் காரணம் அதில் இருந்த சத்து. அது மூலிகை என்பதால் இல்லை. நம்ம ஊர் வீட்டு வாசலில் அழகுக்கு வைக்கிற துஜாச் செடியைப் பறித்துக் கஷாயம் போட்டுடாதீங்க. அதில் இருக்கிற எண்ணெய் அளவுக்கு மீறினால் வலிப்பு வரும். கொய்யா சாப்பிடுங்க, நெல்லிக்காய் சாப்பிடுங்க.

டோமகாயா யார் என்பதைச் சொல்லவில்லையே. 1534-ல் கார்ட்டியே முதல் தடவை வந்தபோது இவரையும் இவர் சகோதரர் தெய்னோவாக்னியையும் பிடித்துக்கொண்டு பிரான்சுக்குப் போனார். மறு வருஷம் வழிகாட்டிகளாகத் திருப்பிக் கூட்டிவந்தார். ஊர், கிராமம் என்ற அர்த்தத்தில் இந்த இருவர் சொன்ன 'கனாட்டா' என்ற சொல்தான் இன்று ஒரு நாட்டின் பெயர். அப்படித் தூக்கிக்கொண்டு போனவர்களின் உயிரைத்தான் டோமகாயா காப்பாற்றினார்.

அதற்குக் கைம்மாறு? 1536 மே மாதம், ஊருக்குக் கிளம்பும் முன்னால், கார்ட்டியே டொனகோனாவையும் இரண்டு மகன்களையும் சேர்த்து மறுபடி பிடித்துக் கப்பலில் ஏற்றினார். மொத்தம் 10 பேர் பிரான்சுக்குப் போனார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. 1541-ல் கார்ட்டியே மறுபடி வந்தபோது ஒரு சிறுமி தவிர எல்லாரும் அங்கே செத்திருந்தார்கள். ஸ்டாடகோனா மக்களிடம் அவர் சொன்னது: டொனகோனா இறந்துவிட்டார்; மற்றவர்கள் பிரான்சில் சீமான்களாக வசதியாக இருக்கிறார்கள், திரும்பி வர விருப்பமில்லை.

ஷாம்ப்ளான் 1608-ல் வந்தபோது ஸ்டாடகோனா என்ற ஊரே இல்லை. அந்த மக்களும் இல்லை. போரா, நோயா, இடம்பெயர்ந்தார்களா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். மரங்கள் மட்டும் அங்கேயே நின்றன. முதல் நாள் நான் நின்ற பிளாஸ் ரோயாலிலிருந்து இந்தப் பூங்கா சில கிலோமீட்டர்தான். சுற்றிலும் மருந்து வளர்ந்து நிற்க, இருபது பேர் செத்தார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை.

பூங்கா பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 'மகன்கள் பிரான்சில் சீமான்களாக இருக்கிறார்கள்' என்பதும், 'நோயாளி தானாகவே மேற்கொண்ட பத்தியம்' என்பதும் ஒரே கை எழுதின மாதிரி இருந்தது. கார்ட்டியே குறிப்பில் டோமகாயா என்ற பெயராவது இருக்கிறது. கிளை ஒடித்துக் கொண்டுவந்து, கஷாயம் வைத்துக் காட்டிய அந்த இரண்டு பெண்களின் பெயர் இல்லை.

ஆயாம்மாவின் பெயர் எனக்கும் தெரியாது. மூன்று வருஷம் ஒரே வார்டில் வேலை பார்த்திருக்கிறேன். ஆயாம்மா, அவ்வளவுதான்.

அந்த மருத்துவமனையில் அப்போது இருந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரின் நம்பர் இன்னும் போனில் இருந்தது. அங்கிருந்தே வாட்ஸப் அனுப்பினேன். "சிஸ்டர், மெடிக்கல் வார்டுல காலை ஷிஃப்ட் ஆயாம்மா ஒருத்தங்க இருப்பாங்களே, அவங்க பேர் என்ன?" நம்ம ஊரில் அப்போது நடு ராத்திரி. சாயங்காலம் ஹோட்டல் ரூமில் இருக்கும்போது பதில் வந்தது.

"எந்த ஆயாம்மா சார்? நாலு பேர் இருந்தாங்க."

அடையாளம் சொல்லணும். உயரமா, குட்டையா? கண்ணாடி போட்டிருந்தாரா? எனக்கு ஞாபகம் வந்தது துடைப்பமும், அந்தக் குரலும்தான். கடைசியில் வாத்தியார் கதையை முழுசாக டைப் பண்ணி அனுப்பினேன், ஸ்லைடில் நான் எழுதினது உட்பட. கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் வாய்ஸ் மெசேஜ்.

"அது அவங்கதான் சார். அன்னைக்கு டீ குடிக்கறப்ப எங்ககிட்ட சொன்னாங்க. டாக்டர் சார் நான் சொன்னதக் காது குடுத்துக் கேட்டாருன்னு. ரொம்ப சந்தோஷமா சொன்னாங்க."

பெயரும் சொன்னார். வேலையிலிருந்து நின்று அஞ்சு வருஷம் ஆகிறதாம், கும்பகோணம் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறாராம். அவரைக் கேட்காமல் பெயரை இங்கே போட எனக்கு உரிமையில்லை. வாத்தியார் இப்போது உயிரோடு இல்லை. அவர் மகனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. வரணும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போகிறேன். கியூபெக்கில் மனைவி நாலு டப்பா மேப்பிள் மிட்டாய் வாங்கியிருந்தார், அதில் ஒன்றை எடுத்து வைத்தேன். போனில் பேசியபோது மகள் சொன்னார், அம்மாவுக்குப் பத்து வருஷமா சர்க்கரையாம். மிட்டாயைத் திருப்பி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, ஒரு கிலோ கொய்யா வாங்கிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். எவ்வளவு சாப்பிடலாம், எத்தனை நாளைக்கு என்று இந்த முறை சரியாகச் சொல்லிவிட்டு வருவேன்.